ஆங்கிலம் படிக்கையில் தமிழ் குறுக்கிடுவது நோயா?

கேள்வி: வயது 43. தமிழ்வழியில் படித்தவள். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலக் கோப்புகள். படிக்கும்போதே தமிழ்ச் சொல் மனதில் ஓடுகிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மறதிநோயின் தொடக்கமா? – வாசகி, மதுரை

பதில்: நீங்கள் எழுதியதில் மறதிநோயின் அடையாளம் எதுவும் இல்லை. இரண்டு மொழி தெரிந்தவர் எதைப் படித்தாலும் மற்ற மொழி மூளையில் விழித்தே இருக்கிறது. தியரி, வூ என்ற ஆய்வாளர்கள் 2007இல் இதைக் காட்டினார்கள். ஆங்கிலம் கற்ற சீனர்களிடம் 'டிரெயின்', 'ஹாம்' (பன்றித்தொடை இறைச்சி) போன்ற சொல் இணைகளைக் கொடுத்து, பொருளில் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். சீன மொழியில் அந்த இரண்டு சொற்களுமே நெருப்பைக் குறிக்கும் 'ஹுவோ' எழுத்தில் தொடங்குபவை. சோதனையில் பங்கேற்றவர்களுக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் சொல்லைப் பார்த்து ஏறத்தாழ 400 மில்லிவினாடியில் எழும் மூளை அலையில் அந்த ஒற்றுமை பதிவாகியிருந்தது. வாட்ஸ்அப்பில் பெண் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால், பேனாவா என்று கண் ஒரு கணம் தடுக்குகிறதே, அதுவும் இதே போட்டிதான்.

வரியைத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் வேறு. ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வினை வந்துவிடும்; தமிழில் கடைசியில்தான் வரும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், நீண்ட வாக்கியம் முழுவதையும் மனதில் தாங்கிக்கொண்டே வரிசையை மாற்ற வேண்டும். தற்காலிக நினைவு நான்கைந்து துணுக்குகளுக்கு மேல் தாங்காது. நடுவில் ஒன்று நழுவும்; கண் வரியின் தொடக்கத்துக்கே ஓடும்.

எனவே தமிழை அடக்க முயலாதீர்கள், தள்ளிப்போடுங்கள். முதலில் எழுவாயையும் வினையையும் மட்டும் பென்சிலால் கோடிட்டு, 'யார், என்ன செய்தார்' என்று பிடியுங்கள். பத்தி முடிந்த பிறகு அதன் சாரத்தைத் தமிழில் ஒரே வரியாகச் சொல்லிப் பாருங்கள். அடிக்கடி இடறும் சொற்களைத் தனியாக அல்ல, அவை வந்த வாக்கியத்தோடு குறித்துவைத்து மறுபடி படியுங்கள். இரண்டாம் மொழியில் வேகம் குறைவதற்கு, அந்தச் சொற்களைக் குறைவாகச் சந்தித்திருப்பதே பெரிய காரணம்.

உங்கள் வயதில், கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து மிகச் சாதாரணம். ஸ்கேன் எடுக்க ஓடுவதற்கு முன் கண்ணைப் பரிசோதியுங்கள். சோர்வும் இருந்தால் தூக்கம், தைராய்டு, பி12 அளவு ஆகியவற்றையும் பாருங்கள்.

தமிழிலேயே சீப்பு, கரண்டி போன்ற பெயர்கள் அடிக்கடி நழுவினாலோ, பழகிய வழி தடுமாறினாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று எழுத்து புரியாமல் போனால், பேச்சு குழறினால், வாய் கோணினால், சரியாகிறதா என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளை ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.