மகள் ஆர்ட் எடுக்கட்டுமா?

உங்கள் மகள், இங்கிலாந்தில் பதினாறு வயதுவாக்கில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ-க்கு 'ஆர்ட் அண்ட் டிசைன்' எடுக்கப்போவதாகச் சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பெரிய பயத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கிலாந்தில் கணிதம், ஆங்கிலம், அறிவியல் எப்படியும் கட்டாயம். நாளைக்கே மருத்துவம் என்றோ பொறியியல் என்றோ அவள் மனம் மாறினாலும், ஆர்ட் குறுக்கே நிற்காது. ஒன்றை மட்டும் பள்ளியில் கேட்டுவிடுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியலைத் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பதை சில பள்ளிகள் விருப்பப் பாடமாக வைத்திருக்கும். அதுவும் ஆர்ட்டும் மோதுகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

"அவளுக்கு அப்படியொன்றும் பிரமாதமாக வரைய வராதே" என்றும் எழுதியிருந்தீர்கள். பல பெற்றோர் இதை ஓவியப் போட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். எழுத்துத் தேர்வே இல்லாத பாடம் இது. படிப்புக் காலத்தில் சேர்க்கும் போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது அவளுடைய படைப்புகளின் தொகுப்புக்கு, 60 சதவீதம், தேர்வு வாரியம் தரும் தலைப்பில் செய்வதற்கு 40 சதவீதம். இரண்டிலுமே நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள், நான்குக்கும் சம மதிப்பெண். பிறர் படைப்புகளை ஆராய்ந்து யோசனையை வளர்த்தாளா, பொருள்களையும் முறைகளையும் சோதித்துச் செம்மையாக்கினாளா, கண்டதைப் பதிவு செய்தாளா, கடைசியில் தனக்கே உரியதாக ஒன்றைச் செய்து முடித்தாளா. சுவரில் மாட்டத் தோன்றும் அந்தப் படம் ஏறக்குறைய கால் பங்குதான். மீதி ஸ்கெட்ச் புக்கில் இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு மாணவியின் ஸ்கெட்ச் புக் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு சாவிக்கொத்து. முதலில் பென்சிலில், சுமாராக. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், "நிழல் சாவியோடு ஒட்டவில்லை, மிதக்கிறது." அடுத்த பக்கத்தில் கரித்துண்டு, விளக்கை இடப்பக்கம் நகர்த்தி வைத்து. அதற்கடுத்து அட்டையை வெட்டி மை தடவி எடுத்த அச்சு. பாதி அப்பிவிட்டது, அதையும் ஒட்டிவைத்திருந்தாள். நான்காவது பக்கத்தில் சாவிகளே இல்லை, அவற்றின் இடைவெளிகள் மட்டும். அங்கேதான் அவளுடைய யோசனை பிறந்தது. அப்பிப்போன அச்சைக் கிழித்து எறிந்திருந்தால் அந்தத் தொடர்ச்சியே அறுந்திருக்கும். வேறொரு வீட்டில் அப்பாவே "அசிங்கமாக இருக்கிறது" என்று ஆறு பக்கத்தைக் கிழித்துவிட்டார். நல்ல மனிதர்தான், கணக்கு நோட்டு என்று நினைத்துவிட்டார்!

தேர்வுத் தலைப்பு ஜனவரியில் கைக்கு வரும். சில வாரம் தயாரிப்பு, பிறகு 10 மணி நேரம் மேற்பார்வையில் இறுதி வேலை. அதைப் பல அமர்வுகளாகப் பிரித்து நடத்துவார்கள். அந்த நேரம் தொடங்கிய பின் தயாரிப்புப் பக்கங்களில் கை வைக்க முடியாது. அதனால் முந்தைய இரவு உட்கார்ந்து சமாளித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. எனக்கிருக்கும் உண்மையான தயக்கமும் இதுதான். வேலை வாராவாரம் குவியும். கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடும் பிள்ளை, எவ்வளவு அழகாக வரைந்தாலும், இதில் திணறும்.

வரைவது மட்டும்தான் என்றும் இல்லை. இந்தப் பாடத்துக்குள்ளேயே புகைப்படம், டெக்ஸ்டைல், கிராஃபிக்ஸ், முப்பரிமாண வடிவமைப்பு என்று பிரிவுகள் உண்டு. எல்லாப் பள்ளியும் எல்லாவற்றையும் நடத்தாது, விசாரியுங்கள். வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டடக்கலை, அனிமேஷன், செயலிகளின் திரை வடிவமைப்பு, பொருள் வடிவமைப்பு எல்லாம் இந்தப் பக்கத்துத் துறைகள்தான். இவற்றில் பலவற்றுக்குப் பல்கலைக்கழகங்கள் சான்றிதழோடு போர்ட்ஃபோலியோவையும் கேட்கும். ஆனால் பதினான்கு வயதில் வேலையை முடிவு செய்ய வேண்டியதில்லை.

எந்தப் பாடங்களை எடுக்கலாம் என்று விளக்கப் பள்ளி நடத்தும் மாலை நிகழ்ச்சிக்குப் போகும்போது சுவரில் தொங்கும் படங்களை விட்டுவிட்டு, போன வருட மாணவர்களின் ஸ்கெட்ச் புக்குகளைக் காட்டச் சொல்லுங்கள். அவளையும் புரட்டிப் பார்க்க விடுங்கள். அதற்கு முன் இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பொருளை மூன்று தடவை வரையச் சொல்லுங்கள், ஒரு யோசனையும் சொல்லாமல். இரண்டாவது முடிந்ததும் "போதும்மா" என்று எழுந்துவிட்டால் அவளோடு இன்னொரு முறை பேசுங்கள். மூன்றாவதற்கு அவளாகவே நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தால், படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.