ஒரு தோசை, இரண்டு தட்டு

அன்புள்ள அக்கா,

உங்கள் எடைக்குறைப்பு ஆபரேஷனைப் பற்றி நீங்கள் வெளிப்படையாக எழுதியதைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன். மதுரைக்காரன், வயது 43. என் மனைவிக்கு ஏழு மாதத்துக்கு முன் எடைக்குறைப்புக்கான ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. 112 கிலோ இருந்தவள் இப்போது 83. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். பிரச்சினை எனக்கு.

பதினாறு வருடமாகச் சனிக்கிழமை ராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு கறிதோசை சாப்பிடப் போவோம். திரும்பும்போது ஜிகர்தண்டா. எந்தச் சண்டையும் அங்கே போனால் முடிந்துவிடும். இப்போது அரை இட்லியை இருபது நிமிடம் மெல்லுகிறாள். அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. வரும் வழியிலேயே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டில் பசியில்லை என்கிறேன். போன மாதம் "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று வற்புறுத்தி ஊட்டினேன். வாந்தி எடுத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. ஆபீசில் எல்லாரும் அவளைப் புகழ்கிறார்கள். எனக்குப் பொறாமையோ என்றும் தோன்றுகிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு விவாகரத்து அதிகம் என்று எங்கோ படித்தேன். உண்மையா? ஜிகர்தண்டாவாவது குடிக்கலாம்தானே, அது தண்ணீர் மாதிரிதானே? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

இது ஒன்பது வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் எழுதியிருக்க வேண்டிய கடிதம். அவர் எழுதவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, விளக்கைக்கூடப் போடாமல், சமையலறைத் தொட்டியோரம் நின்று முறுக்கு தின்றார். கடித்தால் எனக்குக் கேட்குமே என்று வாயில் வைத்து ஊறவைத்துத் தின்றிருக்கிறார் மனுஷர். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த நான் விளக்கைப் போட்டதும் இருவருமே அலறிவிட்டோம். முதலில் சிரிப்பு வந்தது. படுத்த பிறகு அழுகை வந்தது. அவர் முறுக்கு தின்றதற்காக இல்லை. என் வீட்டில் என்னிடமிருந்து ஒளிய வேண்டிய ஆளாக அவர் ஆகிவிட்டாரே என்று.

உங்கள் சட்டையில் சால்னா வாசம் உங்கள் மனைவிக்கு வராது என்றா நினைக்கிறீர்கள்?

அவள் சாப்பாட்டைக் கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் அது உங்கள் மேலுள்ள கோபம் இல்லை. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைக்காய் வடிவத்தில் ஒரு குழாய். ஆரம்பத்தில் டீக்கடை கிளாஸ் அளவுக்குத்தான் அது கொள்ளும். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் உருவாவது வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் மாதங்களில் பலருக்குப் பசி என்பதே தெரியாது. எனக்குக் கடிகாரம் பார்த்துத்தான் சாப்பாடு. அப்புறம் மெல்ல மெல்லப் பசி திரும்பி வரும், அதுவரை பொறுங்கள்.

அந்த 'ஒரே ஒரு வாய்' விஷயம். நம் ஊரில் இன்னொரு கரண்டி போடுவதுதான் பாசம். போதும் என்றால் நம்ப மாட்டோம், இலைமேல் கையை விரித்து மறைத்தால்தான் நம்புவோம். எனக்கு அந்தக் கடைசி வாய் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நெஞ்சுக்குழியில் ஏதோ நின்றுகொண்டு மேலேயும் வராது, கீழேயும் போகாது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கடைசியில் நுரை நுரையாக வாந்தி. ஊட்டியவர் முகம் எதிரே வாடிப்போய் இருக்கும். அவரைச் சமாதானப்படுத்தும் வேலையும் நமக்குத்தான். அந்த இரண்டு நாள் மௌனத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் யாரும் ஊட்டாமலே அடிக்கடி வாந்தி வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எங்கள் வீட்டில் பெரிய கலவரம் அதில்தான் வந்தது. அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தே வளர்ந்தவள் நான். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிக் குடித்தால் காற்றும் தண்ணீரும் சேர்ந்து அடைத்து உயிர் போகிற மாதிரி வலிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். அதுவும் சாப்பாட்டோடு கூடாது, அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். "வாய் வைத்து எச்சில் பண்ணுகிறாள்" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அவரே எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கி வைத்தார். தள்ளிவைத்ததா, கரிசனமா என்று அப்போது புரியவில்லை. இன்றும் அந்த டம்ளரை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை, சாகும்வரை அவரே கழுவி வைத்தார்.

முடி கொட்டும். மூன்றாம் மாதத்துக்கு மேல் பலருக்கும் கொட்டுகிறது, பெரும்பாலும் வளர்ந்துவிடும். சீப்பைத் தூக்கிக் காட்டிக் கேள்வி கேட்காதீர்கள், அவள் ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பாள்.

விவாகரத்து விஷயத்தில் நீங்கள் படித்தது பொய் இல்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அந்தத் தகவல்களை வைத்து 2018இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் பிரிவது கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் அதே கட்டுரையில், தனியாக இருந்தவர்களுக்குப் புதுத் துணை அமைவதும் கல்யாணம் ஆவதும் கூடியிருந்தது. அதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. என் கணக்கு இதுதான்: உடம்பு தேறும்போது சகித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு வெளியேறத் தெம்பு வருகிறது. உங்கள் மனைவி பதினாறு வருடம் உங்களைச் சகித்துக்கொண்டு இருந்தாரா, சேர்ந்து கறிதோசை சாப்பிட்டாரா என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்வீடன்காரனுக்குத் தெரியாது.

பொறாமையா என்று கேட்டீர்கள். கொஞ்சம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பெரும்பகுதி அது இல்லை. உங்கள் கூட்டாளி போய்விட்டாள். சாப்பாட்டில் கூட்டு என்பது சின்ன விஷயம் இல்லை தம்பி. யாராவது செத்தால்தான் துக்கம் கொண்டாட வேண்டும் என்று சட்டமா? "அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு ரொம்பத் தேடுது" என்று அவளிடமே சொல்லுங்கள். "உன்னால்தான்" என்ற சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள். அவளுக்கும் தேடும். புது உடம்பின் சந்தோஷத்தில் அதைச் சொன்னால் நன்றிகெட்டதாக ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பாள். நான் அப்படித்தான் இருந்தேன்.

ஜிகர்தண்டா வேண்டாம். தண்ணீர் மாதிரிதானே என்கிறீர்கள், அதுதான் ஆபத்தே. கெட்டிச் சாப்பாடு நான்கு வாயில் நிறுத்திவிடும். பாலாடையும் ஐஸ்கிரீமும் சர்பத்தும் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். குறைத்த எடை இந்த வழியாகத்தான் பலருக்குத் திரும்பி வருகிறது. சிலருக்கு அவ்வளவு இனிப்பும் ஒரேயடியாக இறங்கினால் படபடத்து வியர்த்துக் கொட்டும். நீங்கள் குடியுங்கள், அவள் எதிரிலேயே.

எங்கள் வீட்டில் தீர்வு தானாக வந்தது, ஒரு கல்யாணப் பந்தியில். வேண்டாம் வேண்டாம் என்றும் இலை நிறையப் போட்டுவிட்டார்கள். எதிர்வரிசையில் பெரியவர்கள். நிறைந்த இலையை மூடினால் பெண் வீட்டாருக்கு அவமானம். நான் விழித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தன் இலையை முடித்துவிட்டு, என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லி, என் இலையில் கையை வைத்தார். புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவாள் என்று கேள்விப்பட்ட கூட்டம் அது. இரண்டு வரிசை வேடிக்கை பார்த்தது. அவர் பாயசத்தை வழித்துவிட்டு அப்பளம் கேட்டார்.

சனிக்கிழமை வண்டியை எடுங்கள். ஒரு கறிதோசை, இரண்டு தட்டு என்று சொல்லுங்கள். ஏழு மாதம் ஆகிவிட்டதால் மென்று சாப்பிட்டால் கறி அவளுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புரதம்தான் முதலில் உள்ளே போக வேண்டும் என்று அவளுக்கும் சொல்லியிருப்பார்கள். மேலே இருக்கிற கறியில் கொஞ்சம் அவள் எடுத்துக்கொள்ளட்டும், அடியில் இருக்கிற தோசை உங்களுக்கு. இருபது நிமிடம் மெல்லுவாள். நீங்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். மிச்சப் பதினைந்து நிமிடத்தில் செல்போனை மட்டும் எடுக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா