கப்பல் விருந்தில் மீன் சாஸ்: யார் மீது, எங்கே வழக்கு?

கேள்வி: என் மாமனாருக்கு எழுபது வயது நிறைந்து, திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்தோம். அந்த மகிழ்ச்சியில் கடந்த டிசம்பரில் மாமனார், மாமியார், கணவர், நான் என நால்வரும் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு சொகுசுக் கப்பல் பயணம் போனோம். சென்னையில் உள்ள ஒரு டிராவல்ஸ் மூலம் மொத்தம் 3,84,000 ரூபாய் கட்டினோம். அதில் 26,400 ரூபாய், இரண்டு இரவு 'ஆசிய ஸ்பெஷாலிட்டி டைனிங்' என்ற தனி விருந்துக்கு. ஒரு இரவு ஜப்பானிய தெப்பன்யாகி, சமையல்காரர் நம் கண்ணெதிரே கல்லில் சமைப்பார். மறு இரவு தாய்லாந்து உணவு. சைவம் தனியாகச் செய்யப்படும் என்று அவர்கள் அனுப்பிய விளம்பரத்தில் இருந்தது. முட்டைகூடச் சேர்க்காத சைவம் வேண்டும் என்று மெயில் அனுப்பி, 'உறுதி செய்யப்பட்டது' என்று பதிலும் வாங்கினோம்.

கப்பலில் தெப்பன்யாகி உணவகம் பூட்டிக் கிடந்தது. இரண்டு இரவும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்கள். மதியம் பஃபேயில் பார்த்த அதே நூடுல்ஸ், பெரிய தட்டில் வந்தது. ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் இரவு, பப்பாளிக்காய் சாலட்டைப் பாதி சாப்பிட்ட பிறகு வாடை வருகிறதே என்று மாமியார் கேட்க, பரிமாறியவர் உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து காட்டினார். அதன் மேல் மீன் படம். பிறந்ததிலிருந்து சைவமான என் மாமனார் அதன்பின் கப்பலில் வாழைப்பழமும் பாலும் தவிர எதையும் தொடவில்லை. புகார் செய்ததும் 100 சிங்கப்பூர் டாலர் 'ஆன்போர்டு கிரெடிட்' (கப்பல் கணக்கில் வரவு) கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். இப்போது டிராவல்ஸ்காரர், 'நாங்கள் வெறும் ஏஜென்ட். வழக்கென்றால் சிங்கப்பூர் கோர்ட்டில்தான். அதுவும் இறங்குவதற்கு முன்பே எழுத்தில் புகார் தந்திருக்க வேண்டும்' என்கிறார். எங்களால் எதுவும் செய்ய முடியாதா?
– வாசகி, மதுரை

பதில்: செய்யலாம். மதுரையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே செய்யலாம். ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கும் மூன்று குறைகளுக்கும் சட்டத்தின் முன் ஒரே எடை கிடையாது. மனுவில் மூன்றையும் கலந்து எழுதினால் வலுவானதும் வலுவிழந்துவிடும்.

முதலில் ருசி. அதை விட்டுவிடுங்கள். 'சப்பென்று இருந்தது' என்பது சேவைக் குறைபாடு ஆகாது. கப்பல் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்த என் கட்சிக்காரர் ஒருவர் சொல்வார்: 'சார், நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. அதனால் எங்கள் அடுப்பில் நெருப்பே கிடையாது, எல்லாம் கரண்ட். சீனச் சட்டியைத் தீ சுற்றி நக்கினால்தான் ஃப்ரைடு ரைஸுக்கு அந்தப் புகைமணம் வரும். அதை எங்கே தேடுவது?' சுஷிக்கு வைக்கும் பச்சை மீனும் அப்படித்தான். புழுக்களைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு விதித்தொகுப்பு சொல்லும் முறைகளில் ஒன்று. கரையில் உள்ள நல்ல ஜப்பானிய உணவகத்தோடு கப்பல் உணவை ஒப்பிட்டு வாதாடினால், எதிர்த்தரப்பு வக்கீல் இதையெல்லாம் எடுத்துவைப்பார், ஆணையமும் தலையாட்டும். ருசி பற்றி ஒரே ஒரு வரி போதும்: பஃபேயில் இலவசமாகக் கிடைத்த அதே பண்டத்தைத் தனிக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அது ருசிப் புகார் அல்ல, கணக்குப் புகார். மதியத் தட்டையும் இரவுத் தட்டையும் போனில் படம் எடுத்திருந்தால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

இரண்டாவது, பூட்டிக் கிடந்த தெப்பன்யாகி. இங்கேதான் வழக்கு நிமிர்ந்து நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) 'குறைபாடு' என்பதற்குத் தரும் விளக்கத்தில், ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்றுக்கொண்ட சேவையின் தரம், தன்மை, செய்யும் விதம் ஆகியவற்றில் உள்ள குறையும் அடங்கும். கண்ணெதிரே கல்லில் சமைப்பது என்பதுதான் தெப்பன்யாகியின் 'செய்யும் விதம்'. அதற்குத்தான் காசு. உள்ளிருந்து தட்டில் வந்தால் அது வேறு பண்டம்.

'உணவகங்கள், உணவுப் பட்டியல் முன்னறிவிப்பின்றி மாறலாம்' என்று டிக்கெட் நிபந்தனையில் ஒரு வரி இருக்கும். எல்லாக் கப்பல் கம்பெனிகளும் எழுதுவதுதான். அந்த வரிக்கு எவ்வளவு பலம் என்பது, அந்தச் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கொடுத்தீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஓஷியானியா கப்பல்களில் 'ரெட் ஜிஞ்சர்' என்ற ஆசிய உணவகம் பயணக் கட்டணத்திலேயே அடக்கம். ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் 'டாமரிண்ட்' உணவகத்தின் இரவு விருந்துக்குத் தனிக் கட்டணம். முதல் வகையில் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றைக் காட்டினால் அந்த நிபந்தனை அவர்களைக் காப்பாற்றக்கூடும். நீங்கள் இரண்டாவது வகை. மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கலாம். மாற்றிவிட்டுப் பழைய விலையை வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. ஒருதலைப்பட்சமான நிபந்தனையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாத நுகர்வோரை அந்த நிபந்தனை கட்டுப்படுத்தாது என்று பயனியர் அர்பன் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அடுக்குமாடி வீட்டு வழக்குதான். ஆனாலும் அந்தக் கோட்பாட்டை இங்கே எடுத்து வாதாடலாம்.

மூன்றாவது, மீன் சாஸ். உங்களிடம் இருப்பதிலேயே கனமான காகிதம், 'உறுதி செய்யப்பட்டது' என்ற அந்த பதில் மெயில். அது இல்லையென்றால், 'சைவம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை' என்பதே அவர்களுடைய முதல் வரியாக இருந்திருக்கும். நடந்தது வேண்டுமென்றே இருக்காது. கிழக்காசியச் சமையலில் பலருக்குக் கறித்துண்டு, மீன்துண்டு கண்ணில் படாவிட்டால் அது சைவம். தாய்லாந்துப் பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாஸும் காய்ந்த இறாலும் வழக்கமாகவே சேரும். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கியது. சீனக் கீரை வதக்கலில் சிப்பி சாஸ், மலாய் சம்பலில் இறால் விழுது. இதெல்லாம் தெரிந்துகொண்டு 'தனியாகச் சைவம் செய்கிறோம்' என்று காசு வாங்கியவர் டிராவல்ஸ்காரர். தெரியாமல் நடந்தது என்பது தப்பிக்கும் வழியல்ல. (அடுத்து பயணம் போகிறவர்கள் மெயிலில் 'சைவம்' என்று மட்டும் எழுதாமல் மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, மீன் சாறு கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.)

பணம் கட்டியது உங்கள் கணவராக இருந்தாலும், மாமனார் தன் பெயரிலேயே புகார்தாரராகச் சேரலாம். பிரிவு 2(7)-ன்படி, காசு கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான். மன உளைச்சலுக்கான இழப்பீட்டை அவர் கேட்பதே பொருத்தம்.

இனி டிராவல்ஸ்காரரின் சமாதானங்கள். 'வெறும் ஏஜென்ட்' என்கிறாரா? அவர் கொடுத்த பில்லை எடுத்துப் பாருங்கள். அவருடைய ஜிஎஸ்டி எண், அவருடைய வங்கிக் கணக்கு, அவர் அனுப்பிய விளம்பரம். டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடித்திருக்கிறாரா? 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம், பிரிவு 206சி(1ஜி)-ன் கீழ் அந்த வரியை வசூலிக்க வேண்டியவர் 'வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பின் விற்பனையாளர்'. வருமான வரித் துறையிடம் விற்பனையாளர், உங்களிடம் மட்டும் வெறும் ஏஜென்ட் என்றால் எப்படி? இந்தக் கேள்வியை நோட்டீஸிலேயே கேளுங்கள்.

சிங்கப்பூர் கோர்ட் விஷயம் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. டிக்கெட்டில் பொடி எழுத்தில் நீதிமன்றத்தைக் குறித்துவைப்பது கப்பல் கம்பெனிகளின் பழைய பழக்கம். 1991-ல் கார்னிவல் எதிர் ஷூட் வழக்கில், அப்படியொரு நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஃபுளோரிடாவுக்குப் போய் வழக்காட வேண்டியதாயிற்று. நம் சட்டம் வேறு. 2019 சட்டத்தின் பிரிவு 34(2)(டி), புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம் என்கிறது. 1986-ம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. பிரிவு 100, இந்தச் சட்டத்தின் நிவாரணம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது என்கிறது. ஆனாலும் கப்பல் கம்பெனி ஆஜரானால் இந்த ஆட்சேபத்தைக் கட்டாயம் எழுப்பும். வெளிநாட்டு முகவரிக்கு நோட்டீஸ் சேர்வதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே சென்னை டிராவல்ஸை முதல் எதிர்த்தரப்பாகவும், கப்பல் கம்பெனியை அதன் இந்தியப் பிரதிநிதி அலுவலகம் இருந்தால் அந்த முகவரியில் இரண்டாம் எதிர்த்தரப்பாகவும் போடுங்கள். இரண்டாமவர் வராவிட்டாலும் வண்டி நகரும்.

'இறங்குவதற்கு முன்பே புகார் தந்திருக்க வேண்டும்' என்பது பலவீனமான வாதம். குறிப்பிட்ட நாளுக்குள் கேட்காவிட்டால் உரிமையே போய்விடும் என்று எழுதிக்கொள்வதை இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 28 செல்லாததாக்குகிறது. தவிர, நீங்கள் கப்பலிலேயே புகார் சொன்னதால்தானே 100 டாலர் தந்தார்கள்? அவர்கள் கொடுத்த கிரெடிட்டே உங்கள் புகாருக்குச் சாட்சி. கடைசி நாள் கதவடியில் செருகிவிட்டுப் போன கணக்குச் சீட்டில் அது வரவாகப் பதிந்திருக்கும். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

அந்த 100 டாலரில்தான் எனக்கு ஒரு கவலை. வாங்கியபோது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா? அதில் 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்று இருந்ததா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. கையெழுத்து இல்லையென்றால் பிரச்சினையில்லை. வரும் தொகையில் அதைக் கழித்துக்கொள்ளலாம், நீங்களே மனுவில் சொல்லிவிடுங்கள். கையெழுத்து இருந்தால் வழக்கு கடினம், ஆனால் முடிந்துபோகவில்லை. ஏமாற்றியோ, தவறாகச் சொல்லியோ, நிர்ப்பந்தித்தோ வாங்கிய ரசீது நுகர்வோரின் உரிமையைத் தடுக்காது என்று யுனைடெட் இந்தியா எதிர் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி நடந்தது என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது.

ஏதென்ஸ் உடன்படிக்கையைக் காட்டி பயமுறுத்தும் பதிலும் வரலாம், நான் பார்த்திருக்கிறேன். 1974-ம் ஆண்டு உடன்படிக்கை அது. பயணிகளின் உயிரிழப்பு, காயம், உடைமைச் சேதம் பற்றியது. சாலட்டைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

எவ்வளவு கேட்பது? 26,400 ரூபாயும் வட்டியும், மாமனாருக்கு மன உளைச்சலுக்காக நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. முழுப் பயணத் தொகையையும் திருப்பிக் கேட்காதீர்கள். அறையில் தங்கினீர்கள், துறைமுகங்களைப் பார்த்தீர்கள். இருபது லட்சம் கேட்டு மனு எழுதித் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனுவைப் படிக்கும்போதே ஆணையத்துக்கு மனுதாரர் மீது ஒரு சலிப்பு வந்துவிடும். ஆணையத்தின் வரம்பு, நீங்கள் கேட்கும் தொகையை வைத்து அல்ல, செலுத்திய தொகையை வைத்து முடிவாகிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. உங்களுடையது 3,84,000.

முதலில் டிராவல்ஸ், கப்பல் கம்பெனி இருவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டிலும் மெயிலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில டிராவல்ஸ்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள். வராவிட்டால் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் புகாரைத் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. போனில் உள்ள படங்கள், மெயில், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன் கீழ் சான்றிதழ் இணைத்துவிடுங்கள். ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தைக் கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், அந்த ஒரு ஆட்சேபத்தை எழுப்ப விடுவானேன்? காலவரம்பு இரண்டு ஆண்டு, பிரிவு 69. டிசம்பரில் நடந்தது என்பதால் அவசரம் இல்லை, ஆனால் பாட்டிலைக் காட்டிய பரிமாறுபவரின் பெயர் அவர் சட்டைப் பட்டையில் இருந்திருக்கும். மாமியாருக்கு அது இப்போது நினைவிருந்தால், இன்றே அவர் கையாலேயே தேதியோடு எழுதி வாங்கிவையுங்கள்.