யார் கைப்பிடி?

அன்புள்ள அக்காவுக்கு,

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 36. பத்தாவது பாஸ் பண்ணிய மறுவருஷமே கல்யாணம். இப்போது மகள் ஒன்பதாவது படிக்கிறாள். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது எழுதலாம் என்று கேள்விப்பட்டு விசாரித்து வைத்திருக்கிறேன். மனையியல், உளவியல், சமூகவியல் மூன்றையும் எடுக்க ஆசை. “இருபது வருஷமாச் சோறாக்குறவளுக்குச் சோறாக்கச் சொல்லித்தர ஒரு படிப்பா?” என்று நாத்தனார் சிரிக்கிறார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்ததையே படித்துச் சான்றிதழ் வாங்குவது ஏமாற்று வேலையோ என்று எனக்கும் தோன்றுகிறது. இன்னொன்று, மகளின் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். காலையில் படித்தது சாயங்காலம் நினைவில் இல்லை. இந்த வயதில் ஏறுமா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

நாத்தனாரின் கேள்வியில் தப்பில்லை. பதிலைக் கேட்காமல் சிரித்ததுதான் தப்பு.

நானும் பதினொன்றாவதில் மனையியல் எடுத்தவள்தான். செய்முறைத் தேர்வில் கர்ப்பிணிக்கு ஒரு நாள் உணவுத் திட்டம் போடச் சொன்னார்கள். வீட்டில் அக்கா மாசமாக இருந்த நேரம் அது. அம்மா அவளுக்குச் செய்துகொடுப்பதை அப்படியே எழுதிவிட்டேன். முருங்கைக்கீரை, பருப்பு, கேழ்வரகு, முட்டை. தேர்வு நடத்த வந்த டீச்சர் படித்துவிட்டுக் கேட்டார்: “பருப்பு எவ்வளவு?” “ஆளுக்கு ஒரு கைப்பிடி டீச்சர்.” “யார் கைப்பிடி?”

எனக்கு வாயடைத்துப் போனது. சாயங்காலம் அண்ணாச்சி கடைத் தராசில் என் கைப்பிடித் துவரம்பருப்பை நிறுத்துப் பார்த்தேன். 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அம்மாவுக்குச் சின்னக் கை, 30-ஐத் தாண்டவில்லை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் அளவில் வரும். கர்ப்பிணிக்கு இன்னும் கூடுதல். 30 கிராம் துவரம்பருப்பில் 7 கிராம் புரதம்கூடத் தேறாது. அதிலும் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின், அடிச்சட்டியில் மிஞ்சிய தெளிவைச் சோற்றில் ஊற்றிக்கொள்பவருக்கு எத்தனை கிராம் போய்ச் சேரும்? என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டார். நீங்களும் அப்படித்தான் சாப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். இருபது வருஷம் சமைத்தாலும் இந்தக் கணக்கு தானாகக் கண்ணில் படாது.

அதனால் தெரிந்த பாடம்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். தெரிந்ததுதான் காலை வாரும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று வினாத்தாள் கேட்காது, ஏன் என்றுதான் கேட்கும். அம்மாச்சி காலத்தில் வாசலில் நெல் அவித்தது ஞாபகம் இருக்கிறதா? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும். மிச்சத்தையும் நாலு தண்ணீரில் அலசி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுகிறோம். “புழுங்கலரிசி உடம்புக்கு நல்லது” என்று மட்டும் எழுதினால் ஒரு மார்க். இவ்வளவையும் எழுதினால் முழு மார்க்.

வேலையை எளிதாக்குவது பற்றியும் மனையியலில் வரும். அதைப் படிக்கும்போது லில்லியன் கில்பிரெத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர், பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர், 1915-ல் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கணவரும் அவரும் தொழிற்சாலைகளில் ஆட்களின் கையசைவைப் படம் பிடித்து, எது வீண் அசைவு என்று கண்டுபிடித்தார்கள். பிற்பாடு அதே கண்ணோடு அடுப்படியைப் பார்த்தார் லில்லியன். நீங்கள் எடுக்கப்போகும் மனையியல், உளவியல் இரண்டும் அந்த ஒரே ஆளிடம் இருந்தன. உங்கள் ஊரில் பூக்கட்டும் பெண்களைப் பாருங்கள். மல்லிகையைக் காம்பு ஒரே பக்கம் வருகிற மாதிரி முதலிலேயே தட்டில் பரப்பிக்கொண்டு கட்டுகிறவருக்கு, குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறவரைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். அந்தப் பாடம் சொல்வதும் இதைத்தான்.

நாத்தனாருக்கு இன்னொரு தகவலும் சொல்லுங்கள். மதுரை யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே மனையியலுக்கென்று தனிக் கல்லூரி இருக்கிறது. இப்போது அதற்குச் சமுதாய அறிவியல் கல்லூரி என்று பெயர். எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது.

மறதிக்கு வருகிறேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னை வைத்தே அளந்து பார்த்தார். 1885-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போயிருந்தது. அப்போது அவர் உங்களைவிடச் சின்னவர். ஆக, காலையில் படித்தது சாயங்காலம் நிற்காததற்கு வயதைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்விட்டு நாள் திரும்பப் படித்தால் தங்கும் என்பதையும் அவரே கண்டுசொன்னார். ஒரு பக்கம் படித்தால் புத்தகத்தை மூடிவிட்டு, பாத்திரம் கழுவும்போது மகளிடம் சொல்லிப் பாருங்கள். நாளைக்கு ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. திணறும் இடம் எதுவோ அதை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

உளவியல் புத்தகம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்கு வீட்டில் எல்லாரும் ஏதோ ஒரு கோளாறு உள்ளவர்களாகத் தெரிவார்கள். சரியாகிவிடும். அதுவரை மாமியாரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

தேர்வு விஷயம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தேற ஐந்து பாடம் வேண்டும். அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். நீங்கள் மூன்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். பாடத்துக்கு 33 மார்க் எடுத்தால் தேர்ச்சி. பதிவு 5 வருஷம் செல்லும், வருஷத்துக்கு இரண்டு தேர்வு. ஐந்தையும் ஒரே தடவையில் எழுதியாக வேண்டும் என்பதில்லை. முதல் தடவை இரண்டு எழுதுங்கள், நாற்று நடவு மாதமாக இருந்தால் ஒன்று எழுதுங்கள். மனையியலுக்குச் செய்முறை உண்டு. பக்கத்தில் எந்தப் படிப்பு மையத்தில் அது நடக்கிறது, புத்தகமும் வினாத்தாளும் தமிழில் கிடைக்குமா என்பதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அரசு வேலை மனதில் இருந்தால், அந்த வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யாராவது வாயால் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, உங்கள் ஊர் அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு கைப்பிடிப் பருப்பை நிறுத்துப் பாருங்கள். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்கு எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.