மடு மண்ணும் கண்ணாடிக் குழாயும்

அன்புள்ள ஐயா,

நான் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் வசிக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். சென்ற காலபோக அறுவடையின்போது, இருட்டும் வேளையில், வயல் வரம்பில் என் தம்பியைப் புடையன் பாம்பு கடித்தது. அம்மா வீட்டில் வைத்திருந்த, மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மண்ணைக் கரைத்துக் கடிவாயில் பூசிவிட்டுச் செபமாலை சொல்லத் தொடங்கினார். நான் அவரோடு சண்டை பிடித்து, தம்பியை ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றேன். அங்கே ஒரு நாள் வைத்திருந்து, பல முறை இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, விஷமுறிவு மருந்து ஏற்றாமலே அனுப்பிவிட்டார்கள். மாதாவின் மண் காப்பாற்றியது என்கிறார் அம்மா. வைத்தியசாலை காப்பாற்றியது என்கிறேன் நான். இதற்கிடையில், பெருவெடிப்புக் கொள்கை விவிலியத்தை மெய்ப்பித்துவிட்டதாக எங்கள் குருவானவர் ஞாயிறு பூசையில் பிரசங்கித்தார். அறிவியல் எங்கள் பக்கம் பேசும்போது மட்டும் அதை ஏற்றுக்கொள்வது நேர்மையா?

(பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வீட்டு வழக்கில் இரு தரப்பும் தோற்றுவிட்டதாகவே எனக்குப் படுகிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் தம்பியைக் காப்பாற்றியது பெரும்பாலும் அந்தப் பாம்புதான்.

புடையனின் விஷம் இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைத் தின்று தீர்த்துவிடும். ஆகவே கடிபட்டவரின் இரத்தத்தைச் சிறிதளவு எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து பிறகு சரித்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். உங்கள் தம்பிக்குப் பல முறை இரத்தம் எடுத்தது இதற்காகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது உறைந்திருக்கும். விஷப்பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. இருட்டில் கடித்தது புடையன்தானா என்பதும் உறுதியில்லை. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் விஷமுறிவு மருந்தே சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால், விஷத்தின் அறிகுறி தெரியாதவருக்கு வைத்தியர்கள் அதை ஏற்றமாட்டார்கள். அப்படியிருந்தும் நீங்கள் ஓட்டோ பிடித்ததுதான் சரி. எந்தக் கடியில் விஷம் இறங்கியது என்பதை வீட்டில் இருந்துகொண்டு எவராலும் சொல்ல முடியாது.

மடு மண்ணின் புகழுக்கும் இதிலேயே விளக்கம் உண்டு. ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சிய கத்தோலிக்கர் 1670 இல் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஒளித்த இடம், பாம்பும் யானையும் நிறைந்த காடு. அந்த மண்ணைப் பாம்புக்கடிக்குக் காப்பென்று யாத்திரிகர்கள் எடுத்துச் சென்றதில் வியப்பில்லை. என் வீட்டிலும் தகரப் பேணியொன்றில் அது இருக்கிறது. மண் பூசிப் பிழைத்தவர் ஆவணித் திருவிழாவுக்கு வந்து சாட்சி சொல்கிறார். பூசியும் பிழைக்காதவர் எங்கே வந்து சொல்வது? இந்தக் கேள்வியை மாதாவின் மேலுள்ள அவமதிப்பாக அம்மா எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆண்டவர் மருந்துகளை நிலத்திலிருந்தே படைத்தார், அறிவுள்ளவர் அவற்றைப் புறக்கணிப்பதில்லை என்ற கருத்து விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38 ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அம்மாவோடு வாதிடுவதைவிட அந்தப் பகுதியை அவரோடு சேர்ந்து வாசிப்பது பயன் தரும்.

குருவானவரின் பிரசங்கம் எனக்கு மண் பூசுவதைவிடக் கவலை தருகிறது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927 இல் எழுதி, 1931 இல் அதன் தொடக்கத்தை ஓர் ஆதி அணுவாக உருவகித்து, பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜோர்ஜ் லெமைத்ர், பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. அங்கியோடு வந்தவர் என்பதனாலேயே, இது படைப்புக் கதையைப் பின்கதவால் நுழைக்கும் வேலை என்று சில அறிவியலாளர் ஐயப்பட்டார்கள். 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர், இந்தப் புதிய வானியல் படைப்புக்குச் சாட்சி கூறுவதுபோல உரையாற்றியபோது, மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமைத்ர், அவரோ கலங்கினார். தன் கொள்கை சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது, கடவுளை நம்புபவரும் நம்பாதவரும் அதை ஒரேமாதிரிச் சோதிக்கலாம் என்பதே அவருடைய நிலைப்பாடு. பாப்பரசர் அந்த வாதத்தைத் தொடராதிருக்க அவர் முயன்றார். 1952 இல் வானியலாளர் முன்னிலையில் பேசியபோது பாப்பரசர் அதை எடுக்கவில்லை. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற எதிர்க்கொள்கை அன்றும் வலுவாக இருந்தது. பெருவெடிப்பைப் பெரும்பாலோர் ஏற்கவைத்த, வானெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டறியப்பட்டது 1965 இல்தான். எதிர்க்கொள்கை வென்றிருந்தால், அதே மேடையில் தொடக்கநூல் பொய்த்துவிட்டதென்று அறிவித்திருப்போமா? கலிலேயோவை 1633 இல் தண்டித்தவர்கள் வேதவசனத்தை வானியல் அளவையாக்கினார்கள். உங்கள் குருவானவர் வானியலை வேதத்துக்குச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறார். நல்ல நோக்கம்தான். ஆனால் இன்று சாட்சியாகக் கூப்பிட்டவர் நாளை மாற்றிச் சொன்னால் மறுக்கும் உரிமை நமக்கிருக்காது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அறிவியலை ஏற்றால் அது நமக்கு உதவாத இடத்திலும் ஏற்க வேண்டும், பரிணாமம் உட்பட. அதனால் விசுவாசம் உடையும் என்று நான் நினைக்கவில்லை. வன்னியில் எங்கள் விசுவாசத்தை உலுக்கியது டார்வின் அல்லர். 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் ஒரே பதுங்குகுழிக்குள் ஒரே செபமாலையைச் சொன்னவர்களில் சிலர் எழுந்து வந்தோம், சிலர் வரவில்லை. நாங்கள் செபித்ததால் பிழைத்தோம் என்று நான் சொன்னால், பக்கத்தில் இருந்தவர் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கும் நானே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் என்னிடம் இல்லை. எந்த ஆய்வுகூடமும் எனக்காக அதைத் தேடித் தரப்போவதுமில்லை. நன்றி சொல்ல மட்டும் தெரிகிறது. உங்கள் அம்மாவின் செபமாலையையும் நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். இரத்தம் ஏன் உறைந்தது என்பதற்கான விளக்கமாக அதை எடுத்துக்கொண்டு நீங்கள் மறுத்ததும், அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு வாதாடியதும்தான் சண்டையாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. மண்ணை அம்மா நெற்றியில் இடட்டும், கடிவாயில் வேண்டாம். திறந்த காயத்தில் மண் பட்டால் ஏற்புவலி (டெட்டனஸ்) வரக்கூடும், தம்பிக்கு அதற்கான ஊசி போடப்பட்டதா என்று விசாரியுங்கள். கடிபட்ட காலை இறுக்கிக் கட்டவோ வெட்டவோ கூடாது, அசைக்காமல் கொண்டுபோக வேண்டும். அடுத்த அரிவு வெட்டுக்கு முன் அவனுக்கு முழங்கால் வரை வரும் சப்பாத்தும் நல்ல டோர்ச் லைட்டும் வாங்கிக் கொடுங்கள்.