ஏப்பம் வந்தால் சரியாகிவிட்டதா? ஆப்ப சோடா: வாசகர் கேள்விகள்

விருந்து சாப்பிட்டு வயிறு கனத்தால் என் மாமனார் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார். ஏப்பம் வந்ததும் "செரிச்சிடுச்சு" என்கிறார். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். குடிக்கலாமா?
— வாசகி, மதுரை

வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஏப்பத்துக்கும் செரிமானத்துக்கும் சம்பந்தமில்லை. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். இரைப்பையில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்தால் உப்பு, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு என்று மூன்றாகப் பிரியும். மேலே வருவது அந்த வாயுதான். 1 கிராம் சோடா முழுதாக வினைபுரிந்தால் சுமார் 300 மி.லி. வாயு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம்; அதாவது ஒன்றரை லிட்டர்! அத்தனையும் ஒரே நொடியில் வராதுதான். ஆனாலும் வயிறு முட்டச் சாப்பிட்டபின் சோடா குடித்து இரைப்பையே கிழிந்துபோனவர்கள் உண்டு. அரிது, ஆனால் உயிர்போகிற விஷயம்.

பிரஷர்காரருக்கு வாயுவைவிட சோடியம்தான் பெரிய தொல்லை. சோடாவின் எடையில் 27 சதவீதம் சோடியம். அந்த ஒரு டீஸ்பூனில் சுமார் 1,350 மி.கி. உள்ளே போகிறது. ஒரு நாள் முழுக்க 2,000 மி.கி.க்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் இதே கணக்குதான். கால்சியம் மாத்திரை சாப்பிடுபவர் அடிக்கடி சோடா குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடலாம்.

வேறு நோய் இல்லாத பெரியவர், எப்போதாவது வரும் நெஞ்செரிச்சலுக்கு அரை டீஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் துளி மாவும் அடியில் தங்காதபடி கரைத்து, மெதுவாகக் குடிக்கலாம். வயிறு நிறைந்திருக்கும்போது கூடாது. மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எரிச்சல் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் சோடா டப்பாவைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

அப்படியென்றால் கிட்னி நோயாளியான என் அண்ணனுக்கு டாக்டரே சோடா மாத்திரை எழுதித் தருகிறாரே?
— வாசகர், சேலம்

பழுதான சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாது. ரத்தத்தில் பைகார்பனேட் குறையும்போது அதை ஈடுகட்டவே அந்த மாத்திரை. ரத்தப் பரிசோதனை, வீக்கம், பிரஷர் எல்லாம் பார்த்துத்தான் அளவு வைப்பார்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதென்று சமையலறை சோடாவை ஸ்பூனில் அள்ளிக் கொடுக்காதீர்கள்.

கொண்டைக்கடலைக்கு சோடா போட்டேன். குழைந்து, சோப்பு வாடை அடித்தது. ஏன்?
— வாசகி, கோவை

அளவு கூடிவிட்டது. கடலையின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை சோடாவின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான குணம்) தளர்த்துவதால்தான் சீக்கிரம் வேகிறது. அதிகமானால் தோல் கழன்று களியாகிவிடும். ஒரு கப் கடலைக்கு ஊறவைக்கும் நீரில் கால் டீஸ்பூன் போதும். அந்த நீரைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அந்தக் காரத்தன்மையில் பி1 வைட்டமினும் சிதையும் என்பதால், இரவு முழுக்க ஊறிய புதுக் கடலைக்கு சோடாவே தேவையில்லை என்பது எங்கள் கட்சி.

கேக்கில் சோப்பு வாடை வந்தால் காரணம் வேறு: புளிப்பு போதவில்லை. அமிலம் கிடைக்காத சோடா சூட்டில் சலவை சோடாவாக மாறிவிடும். ஒரு கப் மைதாவுக்கு கால் டீஸ்பூன் சோடா, அரை கப் புளித்த தயிர் என்று வையுங்கள்.

சிங்க் அடைப்புக்கு சோடாவும் வினிகரும் ஊற்றலாமா?
— வாசகர், திருச்சி

நுரை பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். இரண்டையும் பாட்டிலில் கலந்து மூடிவிடாதீர்கள், வெடிக்கும். அடைப்புக்கென்று காஸ்டிக் சோடா வாங்கினால் சமையலறை அலமாரியில் வைக்கவே வேண்டாம்; அது உணவுக்குழாயை வெந்துபோகச் செய்யும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.