மணிக்கு ஒரு மணி

அன்புள்ள அண்ணன்,

பல்கேரியாவின் வார்னா இடுகாட்டுப் படங்களைப் பார்த்தேன். 43ஆம் குழியில் கிடக்கும் ஆளுக்கு உடம்பெல்லாம் தங்கம். 6,500 ஆண்டுகளுக்கு முன்பே அரசனும் ஏழையும் இருந்திருக்கிறார்கள் என்றால், ஏற்றத்தாழ்வு மனிதனின் இயல்புதானே? சமத்துவம் என்று நாம் பேசுவதெல்லாம் வெறும் ஆசையா? நம் ஆதிச்சநல்லூரில் கிடைத்த தங்க நெற்றிப்பட்டமும் ஓர் அரசனுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

ர., கோவை

அன்புள்ள ர.,

அம்மாவுக்கு வருஷத் திதி கொடுத்துவிட்டு ஊரிலிருந்து திரும்பிய அன்று உங்கள் கடிதம் வந்தது. ரயிலில் வரும்போது நானும் குழிகளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லாவிட்டால் மனித இயல்பு என்ன என்று ஒரே கடிதத்தில் கேட்கிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

நெற்றிப்பட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். பட்டம் கிடைத்தால் அரசன் என்கிறீர்கள். எங்கள் பக்கம் யார் செத்தாலும் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டுவார்கள். நாளைக்குத் தோண்டுகிறவன் உங்களை மாதிரி ஆளாக இருந்தால், தென்காசி வட்டாரத்தில் எல்லாரும் அரசர்கள் என்று எழுதிவிடுவான். ஆதிச்சநல்லூர் பெரிய விஷயம், அதை இன்னொரு நாள் பேசலாம்.

அப்புறம் வார்னா. 1972இல் தற்செயலாக வெளிப்பட்ட இடம். முந்நூறுக்குச் சற்றுக் குறைவான குழிகள், மொத்தம் ஆறு கிலோ அளவுக்குத் தங்கம். அதில் ஒன்றரைக் கிலோ உங்கள் 43ஆம் குழியில். பல குழிகளில் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஏற்றத்தாழ்வு இருந்தது, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பொன் மிகுந்த குழிகள் சிலவற்றில் உடலே இல்லை, கவனித்தீர்களா? ஆள் இல்லாத குழிக்குள் தங்கத்தை அடுக்கியிருக்கிறார்கள். சில குழிகளில் மண்ணால் ஒரு முகம் செய்து, அதற்குப் பொன் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த அந்தஸ்து யாருடையது? 43ஆம் குழியின் படத்தோடு நிறுத்திவிட்டு மனிதகுலத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறீர்களே, அடுத்த குழியையும் எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

தங்கத்தை விடுங்கள். தங்கமே இல்லாத ஒரு குழிக்கு வாருங்கள். மாஸ்கோவுக்குக் கிழக்கே விளாதிமிர் நகரத்தின் ஓரத்தில் சுங்கீர் என்று ஓர் இடம். களிமண் வெட்டும்போது 1955இல் தென்பட்டது, ஓட்டோ பாதர் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தார். வயது 34,000 ஆண்டுகள் பக்கம். விவசாயம் இல்லை, உலோகம் இல்லை, ஊர் என்றே ஒன்று இல்லை. அங்கே ஒரே நீளக் குழியில் இரண்டு பிள்ளைகள், தலையோடு தலை சேர்த்துக் கிடத்தப்பட்டவர்கள். பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். பக்கத்தில் மாமூத் என்கிற, அழிந்துபோன யானையினத்தின் தந்தத்தை நிமிர்த்திச் செய்த ஈட்டிகள். ஒரு பையனின் இடுப்பில் பனிநரியின் கோரைப்பல் 250க்கு மேல். ஒரு நரிக்குக் கோரைப்பல் நான்கு, அப்படியானால் குறைந்தது அறுபத்துச் சொச்சம் நரிகள். அதற்கும் மேலே, இருவர் உடம்பிலுமாகப் பத்தாயிரம் தந்த மணிகள்.

பத்து வயதுப் பிள்ளை வேட்டையாடிப் பேர் வாங்கியிருக்க முடியாது, ஆகவே இது பிறப்பால் வந்த அந்தஸ்து என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்வார்கள். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். இருக்கலாம். ஒருவன் பையன், இன்னொருத்தி பெண் என்றுகூடப் பல காலம் எழுதினார்கள். 2017இல் வந்த மரபணு ஆய்வில் இரண்டுமே பையன்கள், அண்ணன் தம்பிகூட இல்லை என்று தெரிந்தது. ஒருவனுடைய தொடை எலும்புகள் குட்டையாக, வில்லாக வளைந்தவை. மற்றவர்களைப் போல நடந்திருக்க மாட்டான்.

நான் சொல்ல வருவது மணியைப் பற்றி. தந்தத்தைப் பிளந்து குச்சியாக்க வேண்டும். குச்சியில் சுற்றிவரக் கீறி, கீறிய இடத்தில் ஒடிக்க வேண்டும். ஒடித்த துண்டைக் கல்முனையால் துளைத்து, அப்புறம் தேய்க்க வேண்டும். இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள் ஒரு மணிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். மணிக்கு ஒரு மணி! பத்தாயிரம் மணி நேரம். ஒரே ஆள் தினம் எட்டு மணி நேரம், ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தாலும் மூன்றரை வருஷம் ஓடிவிடும். பிணம் அத்தனை நாள் காத்திருக்காது. உயிரோடு இருந்தபோதே அந்த உடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லை ஒரு கூட்டமே உட்கார்ந்து துளைத்திருக்க வேண்டும். இன்னொன்று. அங்கேயே வேறொரு குழியில் வளர்ந்த ஆண் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் 3,000 மணிகள். பிள்ளைகளின் மணிகள் அவனுடையதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். பெரியவர்களின் பழசை எடுத்துப் போர்த்தவில்லை. சின்ன உடம்புக்கென்று சின்ன மணியாகப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

அந்த விரல்களைப் பற்றி ஏன் யாருமே கேட்பதில்லை? யார் அணிந்தார்கள் என்று கேட்கிறீர்கள், எத்தனை கிலோ என்று கேட்கிறீர்கள். நகைக்கடையில் கேட்கிற கேள்வி ஐயா அது.

எங்கள் அம்மா பீடி சுற்றினாள். நாற்பது வருஷம். ஈரச்சாக்கில் கிடக்கும் இலையைத் தகரத் தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூள் போட்டு, உருட்டி, நூல் கட்டி, வாயை மடக்க வேண்டும். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. நாற்பது கட்டு ஆயிரம். ஆயிரம் என்பது அவளுக்கு ஒரு பகல். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனாலும் “எட்டுக் கட்டு முடியதுக்குள்ள வந்திரணும்” என்று சொல்லித்தான் என்னைக் கடைக்கு அனுப்புவாள். பீடிக்கடையில் கணக்குப் பார்க்கிறவர் ஒரு கட்டைப் பிரித்து, இரண்டு விரலால் நசுக்கி, கழிவு என்று ஒதுக்கிப் போடுவார். அந்தக் கட்டுக்குக் கூலி கிடையாது. அவள் எதுவும் பேசாமல் அடுத்த கட்டை எடுத்து நீட்டுவாள். சுங்கீர் பற்றிப் படித்த அன்று நான் அம்மாவின் கணக்கில்தான் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பகல் அவள் உட்கார்ந்தால் பத்து லட்சம் பீடி. அதே ஆயிரம் பகலில் அந்தப் பிள்ளைகளின் உடுப்பு முடிந்திருக்காது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வார்னாவில் அரசன் இருந்தானா என்றால், அதிகாரம் உள்ள ஒருவன் இருந்திருக்கலாம். நீங்கள் தொடர்ந்து படியுங்கள், எழுதுங்கள், உங்களைப் போல ராத்திரி உட்கார்ந்து குழிகளைப் பார்க்கிறவர்கள் குறைவு.

அம்மாவை எடுப்பதற்கு முன்னால் சித்தி மூக்குத்தியைச் சோப்புப் போட்டுக் கழற்றினாள். தங்கத்தை மண்ணில் போடுவதில்லை. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டக் கயிறு தேடினார்கள், கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மதினி தன் பீடித் தட்டிலிருந்து நூல்கண்டை எடுத்துவந்தாள். மெல்லிய நூல், நிற்காது என்று ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, முடிச்சை இழுத்து, பல்லால் கடித்து அறுத்தாள். குழியில் இறக்கும்போது அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். நாங்கள் மறந்துவிட்டோம்.